வேன் கூரையின் நான்கு அங்குலம்

‘ணங்’கென்று ஒரு சத்தம். வேன் கம்பெனியின் வரைபட அறையில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள்.

கீழே, பேப்பர் பெட்டிகளை இறக்க வந்த டிரைவர் தலையைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் குந்தியிருந்தார். அவர், அந்த அறையில் வேன் வரையும் அடிஸ்கேலின் சொந்த அண்ணன். எந்நேரமும் கையில் ஸ்கேலோடு திரிவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

படியிறங்கி ஓடினாள். “வலிக்குதா அண்ணா?”

“பழகிப்போச்சு. இருபது வருஷத்துல மூணு வேன் மாத்திட்டேன். மூணும் உங்க கம்பெனிதான். மூணும் ஒரே இடத்துல இடிக்குது. மேல உட்கார்ந்து என்னதான் வரையறீங்க?”

சுருக்கென்றது. புது மாடலின் கூரையை நான்கு அங்குலம் உயர்த்தித்தான் வரைந்திருந்தாள். காலையில் மேனேஜர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நான்கு மணிக்கு வரைபடத்தில் இறுதிக் கையெழுத்து. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் அண்ணன் தலைக்கு இன்னும் பத்து வருஷம் விமோசனமில்லை.

“ஏன் சார் கூடாது?” என்று மேலே போய் மேனேஜரிடம் கேட்டாள்.

“எப்பவுமே கூடாதும்மா.”

பீரோவைக் குடைந்தாள். நாற்பது வருஷத்து வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடி மேஜையில் வைத்து, அடியில் விளக்கைப் போட்டாள். வேன்களின் முகப்பு விளக்குகள் வட்டமாகி, சதுரமாகி, சாய்ந்திருந்தன. கூரைக் கோடு மட்டும் இம்மி பிசகவில்லை. ஒரே ஆள் மீசையை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அடியில் கிடந்த முதல் தாளில் பென்சிலால் ஒரு குறிப்பு: ‘இதற்கு மேல் போகாது. அடுப்பு.’

“வேனுக்கு எதுக்குங்க அடுப்பு?”

“டிரைவர் பசியில வருவார்ல” என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

“காத்துத் தடுப்புன்னு எழுத வந்து ‘த’வை விட்டிருப்பாங்க” என்றார் இன்னொருவர்.

மணி மூன்றே கால். அடிஸ்கேலுக்குத் திடீரென்று பொறி தட்டியது. பெயின்ட் அடித்த வண்டியைச் சூட்டில் காய வைப்பார்களே, அந்த அறைதான் அடுப்பு!

பெயின்ட் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், அறை வாசலில் டேப்பை நிறுத்தி அளந்தாள். இப்போதுள்ள வேனுக்கு மேலே முழுசாக இரண்டடி இடைவெளி இருந்தது. நம்ப முடியாமல் மறுபடி அளந்தாள்.

“என்னம்மா தேடறே?” என்றாள் அங்கே பொறுப்பிலிருந்த அக்கா.

“அடுப்பு வாசல் குட்டைன்னு எழுதியிருக்கே, அக்கா?”

“அது பழைய அடுப்பு. அதை இடிச்சிட்டு இதைக் கட்டி பதினாலு வருஷம் ஆச்சு. இவ்வளவு உசரமா வாசல் வச்சும் நீங்க ஏன் இன்னும் குட்டை வண்டியாவே அனுப்பறீங்கன்னு நாங்க தினமும் பேசிக்கிறோம்.”