தார் காயாத தெரு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. போன வாரம் போட்ட ரோட்டை இந்த வாரம் தோண்டியிருந்தார்கள். வண்டியோடு பள்ளத்துக்குள் கிடந்தபடி முதல் வரியை யோசித்தேன்: 'அழகிய காலைப் பொழுதொன்றில்...' சே! அடித்துவிட்டேன்.

2

கதாநாயகி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறாள். ஒரே வாக்குறுதி: முதலில் குழாய், அப்புறம் ரோடு.

(இதற்கு ஒரு தேர்தலா என்பீர்கள். ரோட்டுப் பணத்தை வருஷக் கடைசிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். குழாய்ப் பணமோ புது வருஷம் பிறந்தால்தான் வரும். அதனால் நகராட்சி போடும், தோண்டும், மறுபடி போடும். எல்லாம் நம் வரியில். இதற்குப் பெயர் வரவு செலவுத் திட்டம். திட்டமாம்!)

வில்லன் வேண்டுமே. முரட்டு மீசை, தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணா... வேண்டாம். ரோடு போடும் கான்ட்ராக்டர் அவள் அண்ணனாகவே இருக்கட்டும். அவளுக்கு முதல் கார் வாங்கிக் கொடுத்தவன். வேலை எப்போது என்று யார் கேட்டாலும் நின்ற இடத்தில் கிழமை சொல்வான். சொன்ன கிழமை தவறமாட்டான். அதில் அவனுக்கு அத்தனை பெருமை.

3

தேர்தல் நெருங்கியதும் அவள் வாயை அடைக்க, அவள் தெருவிலேயே புதுத் தார் போடச் சொன்னார் நகராட்சித் தலைவர். போட்டது அண்ணன்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. இப்ப என்ன பேசுவ?"

"நீயுமாண்ணே அவங்களோட சேர்ந்துட்ட?"

"நீ ஜெயிச்சா என் ரோலர் பாதி வருஷம் தூங்கும். என் ஆளுங்களுக்கு நீயா சோறு போடுவ?"

"அதுக்கு என் தெருவத்தான் திங்கணுமா?"

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். கிழித்துப் போட்டேன். பிரேக் எதுவென்று தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் உட்காருகிறவள் இதற்கா அழுவாள்?)

4

கடைசிப் பிரச்சாரக் கூட்டம், அதே தெருவில். தலைவரின் ஆள் கத்தினான்: "அதான் ரோடு போட்டாச்சே! இன்னும் என்னத்தக் கிழிக்கப் போற?"

கைதட்டல். திட்டிக்கொண்டே வந்திருந்த அண்ணன் முன்வரிசையில் இருந்தான். பேசினால் அண்ணன் போவான். பேசாவிட்டால் தெரு போகும். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"அண்ணே, குழாய் பதிக்கிற வேலையும் உனக்குத்தானே?"

"ஆமா."

"இந்தத் தெருவ எப்பத் தோண்டுற?"

"வர்ற வியாழக்கிழமை," என்றான், பழக்கதோஷத்தில். நெஞ்சை நிமிர்த்தி வேறு.

தெருவே சிரித்தது. அண்ணன் முகம் செத்துப்போனது. நாற்காலியை உதைத்துவிட்டுப் போனான்.

5

முடிவு ஒன்று: ஜெயிக்கிறாள், அண்ணன் மன்னிக்கி... இல்லை. முடிவு இரண்டு: தோற்கிறாள், வியாழக்கிழமை அண்ணன் கடப்பாரையோடு... அதுவும் இல்லை.

நான் எழுதமாட்டேன். அவள் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்துவிட்டாள். அண்ணன் வீட்டுக் கதவு அன்றே சாத்தியாயிற்று. ஓட்டுப்பதிவு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் சிரித்த கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள், பார்த்தேன். சிரிப்பையெல்லாம் எண்ணமாட்டார்கள். ஓட்டைத்தான் எண்ணுவார்கள்.