துவைத்த கயிறு

“அண்ணி, கால் வெரல கட்ட ஒரு துணி குடுங்க.”

சின்னக்குழந்தை மூன்று தடவை கேட்டுவிட்டான். தானே எழுந்து பின்பக்கம் போய், துணிக்கொடியில் தொங்கிய கயிற்றை உருவிக்கொண்டு வந்தான்.

“இதுவே போதும். வெள்ளையா, சுத்தமா கீது.”

மாணிக்கம்மாள் வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் செத்துப்போன தன் அண்ணனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டான்.

காலை ஆறு மணிக்குக் காசி சாமைக் கொல்லைக்குக் கிளம்பியபோது நன்றாகத்தான் இருந்தார். ஒன்பதரைக்கு அவரை நாலு பேர் தூக்கிவந்து கூடத்தில் கிடத்தினார்கள். இடைப்பட்ட நேரத்தில் மாணிக்கம்மாள் ஒரே ஒரு வேலை செய்திருந்தாள். அந்தக் கயிற்றைத் துவைத்திருந்தாள்.

காசி பட்டாளத்தில் துப்பாக்கிக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கிகளில் பிடியின் அடியில் ஒரு வளையம் இருக்கும். கயிற்றின் ஒரு முனையை அதில் கோத்து, மறுமுனையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். பென்ஷன் வாங்கி மலைக்குத் திரும்பியதிலிருந்து காசிக்கு அந்தக் கயிறுகள்மேல்தான் பைத்தியம். வேலூர், பெங்களூர் பழைய சாமான் கடைகளில் தேடித் தேடி நாற்பது சேர்த்துவிட்டார். துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது.

“மாட்ட வுட்டுட்டு கயித்த மட்டும் புடிச்சுனு வந்தவரு எங்க அண்ணன்” என்று சின்னக்குழந்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

“எதுக்குய்யா இந்தக் கயிறு?” என்று மாணிக்கம்மாளும் ஒருநாள் கேட்டாள்.

“கையவுட்டு நழுவுனாலும் கீழ வுழக் கூடாதில்ல, அதுக்குத்தான்.”

வெள்ளையென்றால் கப்பல் படை, காக்கியென்றால் தரைப்படை, சாம்பல் நீலமென்றால் விமானப்படை என்பார். பூதக்கண்ணாடி வைத்துப் புரிகளை எண்ணுவார், முடிச்சைப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். எந்த நாடு, எத்தனை வருஷம் என்று முடிவானதும் ஒரு சீட்டு எழுதிக் கட்டி ஆணியில் மாட்டுவார். சீட்டு கட்டிய கயிற்றில் தண்ணீர் படக் கூடாது. “அழுக்குதான்டி அதுக்கு சர்ட்டிபிகேட்டு.”

கடைசியாக வந்தது ஒரு காக்கிக் கயிறு. மூன்று வாரமாகச் சீட்டு கட்டாமல் தொங்கியது. வேலூரிலிருந்து கோகுல்ராஜ் என்று ஒருவர், இதே பைத்தியம் பிடித்தவர், அதைப் பார்க்க இன்றைக்கு வருவதாக இருந்தது. வெளியூர் ஆள் வரும்போது இது ஒன்று மட்டும் இத்தனை அழுக்காகவா தொங்கும்? மாணிக்கம்மாளுக்கு மனசு ஒப்பவில்லை. சீட்டு இல்லாததால் கணக்கில் சேராத கயிறு என்று நினைத்தாள். சோப்புத்தூள் போட்டு ஊறவைத்துக் கசக்கினாள். பக்கெட் தண்ணீர் பழுப்பாகிக் கயிறு வெள்ளை வெளேரென்று வந்தது. இத்தனை அழுக்கா என்று அவளே மலைத்துப்போனாள்.

ஒன்பது மணிக்குக் காசி வந்தார். துணிக்கொடி முன்னால் அப்படியே நின்றார். கயிற்றைத் தொட்டார். குனிந்து பக்கெட்டில் விரலை விட்டு மோந்து பார்த்தார். மாணிக்கம்மாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் பாறையைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பாறைமேல் அவருடைய தோள்கள் குலுங்கியதை அவள் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அப்படிப் பார்த்திருக்கிறாள், அவருடைய அம்மா செத்த அன்றைக்கு. அதற்குமேல் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

அப்புறம்தான் யாரோ கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள்.

“நோவு நொடி இல்லாம போய்ட்டாரு, புண்ணியவான்” என்றார்கள் வந்தவர்கள். மாணிக்கம்மாள் அழவில்லை. பின்பக்கம் அந்தப் பக்கெட் அப்படியே இருக்கிறது. யாரும் பார்ப்பதற்குள் கொட்டிவிட வேண்டும். எழுந்திருக்கப் பார்த்தாள். தாங்கிப் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு பெண்கள் அவளை உட்காரவைத்தார்கள்.

பதினொன்றரை பஸ்ஸில் கோகுல்ராஜ் இறங்கினார். கையில் ஸ்வீட் பாக்ஸ். வாசலில் பறையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

“யாருக்கு?” என்று சின்னக்குழந்தையைக் கேட்டார்.

“எங்க அண்ணன்தான். காசி.”

“காலைல பேசினேனேங்க!”

உள்ளே வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டவரின் விரல் கயிற்றின்மேல் நின்றது. நிமிர்ந்து மாணிக்கம்மாளைப் பார்த்தார்.

“இதத்தான் சொன்னாரா... அம்மா, தொவைச்சது நீங்கதானே?”

கூடத்தில் எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது.

“நான்தான்” என்றாள்.

“ஒன்பது மணிக்கு போன் பண்ணாரும்மா. ‘கடைக்காரன் கப்பல் படை வெள்ளைக் கயித்துக்கு டீ சாயம் ஏத்தி, காக்கின்னு ஏமாத்தி வித்துட்டான், மூணு வாரமா எனக்கு சந்தேகம், நீங்க வந்து பாத்தா தெரியும்னு இருந்தேன், என் வூட்டுக்காரி ஒரே பக்கெட் தண்ணில கண்டுபுடிச்சிட்டா’ன்னாரு. சிரிப்புன்னா சிரிப்பு. பேசவே முடியல அவரால.”

“சிரிச்சாரா?”

“வுழுந்து வுழுந்து சிரிச்சாரும்மா. நானும் சிரிச்சேன். திடீர்னு சத்தமே இல்ல.” ஸ்வீட் பாக்ஸ் இன்னும் அவர் கையிலேயே இருந்தது. “மலையாச்சே, சிக்னல் போய்டுச்சுன்னு நெனச்சேன். போன வெச்சிட்டேம்மா. திரும்பக்கூட அடிக்கல.”

மாணிக்கம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தன் நெஞ்சில் கிடந்த கல்லில் பாதி அந்த முகத்தில் ஏறியிருப்பது தெரிந்தது. கை நீட்டி அந்தப் பெட்டியை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“உக்காருங்க தம்பி. பஸ்ல நின்னுனே வந்தீங்களா?”

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். “வெலையுள்ள கயிறுன்னு சொல்றாங்களே, அவுத்துர்ட்டா அண்ணி?” என்று சின்னக்குழந்தை குரலைத் தாழ்த்திக் கேட்டான். மாணிக்கம்மாள் தலையாட்டினாள், வேண்டாமென்று. கோகுல்ராஜும் தோள் கொடுத்தார்.

புதைத்துவிட்டு வருகிறவர்கள் கால் கழுவத் தண்ணீர் வேண்டும். மகள் நதியா பாத்திரம் தேடிப் பின்பக்கம் போனாள்.

“இன்னாம்மா இது? டீ தண்ணி மாதிரி கீது.”

“டீ தண்ணிதான்.”

“கொட்டிட்டு நல்ல தண்ணி புடிக்கட்டா?”

“வேற பக்கெட் எடுத்துக்க.”

நதியா அம்மாவை ஒரு கணம் பார்த்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். மாணிக்கம்மாள் பக்கெட் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சோப்பு நுரை எப்போதோ அடங்கியிருந்தது. விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தாள்.