கொட்டாவி உத்தியோகம்

தமிழில் ‘விடு’ என்ற சொல்லைக் கண்டுபிடித்த ஆள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்பேன். மாத்திரையையும் விடலாம், கொட்டாவியும் விடலாம், கதையும் விடலாம், ஒருவனை நடுத்தெருவிலும் விடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானா? இந்தச் சிக்கனத்தால் நான் அக்கா வீட்டையே இழக்கப் பார்த்தேன்.

முதலில் மாத்திரையைச் சொல்லிவிடுகிறேன். ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியபோது, அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மாத்திரை போகவில்லை. வேலை போனது, கட்டிக்கொள்வதாக இருந்தவள் போனாள். கடைசியில் மறுவாழ்வு மையத்தில் வைத்து அதை என்னிடமிருந்து பிடுங்கினார்கள். அப்பாடா என்று வெளியே வந்தேன். உடம்புக்கு வேறு யோசனை இருந்தது.

“மாத்திரை போயிடுச்சு. ஆனா உடம்பு கொஞ்ச நாள் அடம் பிடிக்கும்,” என்றார் மையத்து டாக்டரம்மா.

“கொஞ்ச நாள்னா?”

“மாசக்கணக்குல.”

சொன்னபடியே பிடித்தது. சோகமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கொளுத்தும் வெயிலில் நின்றால் புல்லரித்தது. படுத்தால் கால் இரண்டும் எனக்குச் சம்பந்தமே இல்லாத யாரையோ உதைத்துக்கொண்டிருந்தன. தூக்கம் மற்றவர்கள் செய்கிற காரியமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டாவி. தாடை கழன்று மடியில் விழுந்துவிடும் போல, ஒன்றன் பின் ஒன்றாக.

அக்காதான் என்னைச் சேர்த்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை. என் துணிமணிகளில் பாதியை ஒரு கறுப்புப் பையில் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். “மறுபடியும் தொட்டேன்னு தெரிஞ்சா பையும் நீயும் தெருவுலதான். தம்பின்னுகூடப் பார்க்க மாட்டேன்.” அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. கண்ணில் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச் எப்போதும் அவள் கையோடு இருக்கும். தினமும் நான் வேலை முடிந்து வந்தால், வாசலிலேயே நிறுத்தி இமையைத் தூக்கி வெளிச்சம் அடிப்பாள். மாத்திரை போட்டவனுக்குக் கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி அப்படியே நிற்கும். எனக்கு ஒழுங்காகச் சுருங்கி விரிந்தால்தான் உள்ளே விடுவாள். வீட்டுச் சாவி மட்டும் கொடுக்கவே இல்லை. எனக்கு அது சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

வேலை எங்கே கிடைத்தது தெரியுமா? மெத்தைக் கடையில். தூக்கம் வராதவன் ஊரைத் தூங்க வைக்க வேண்டும். முதலாளியிடம் எதையும் மறைக்கவில்லை. “மாத்திரைப் பழக்கம் இருந்துச்சுங்க, விட்டுட்டேன்,” என்றேன். “நானும் சிகரெட்டை விட்டவன்தாம்பா,” என்று சொல்லி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார்.

முதல் நாளே ஒரு கணவன் மனைவி வந்தார்கள். ஸ்பிரிங், நுரை, தேங்காய் நார் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் கொட்டாவி பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. என்னைப் பார்த்து அவர் விட்டார், அவரைப் பார்த்து அந்த அம்மா விட்டார். அவர் ‘சும்மா பார்க்கலாம்’ என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தார். அந்த அம்மாவும் சாய்ந்தார். எழுப்பி பில் போட வேண்டியிருந்தது.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார். என் சீட்டு கிழிந்தது என்றுதான் நினைத்தேன். மனிதர் வெளியே வந்து என் தோளில் கை போட்டார்.

“தம்பி, நாளையிலேருந்து நீ பேசவே வேண்டாம். அந்த விலை கூடின மெத்தைக்குப் பக்கத்துல நின்னு விடு. அது போதும்.”

அப்படித்தான் கொட்டாவியே என் உத்தியோகமாயிற்று. முதலாளி அதோடு விடவில்லை. எனக்குப் புல்லரித்தால் சட்டைக் கையை மடித்து, “பாருங்க, துணியைத் தொட்டதும் எப்படிப் புல்லரிக்குது!” என்று வருகிறவர்களிடம் காட்டுவார். நான் கண்ணைத் துடைத்தால், “இவ்வளவு நல்ல மெத்தையை வித்துடறோமேன்னு அவனுக்கு வருத்தம்,” என்பார். ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்லிவிட்டு இரண்டு தலையணை சேர்த்து வாங்கிப் போனார். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரே முகம் சுளித்த ஒரு உடம்பை ஒருத்தராவது வேலைக்கு வைத்துக்கொண்டாரே என்று உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா கடைக்குப் போன் செய்வாள். “தம்பி எப்படி இருக்கான்ணே?”

“அருமையா விட்டுட்டிருக்கான்மா! இப்படி விடுற ஆளை நான் பார்த்ததே இல்லை!”

அவர் சொன்னது கொட்டாவியை, அவள் கேட்டது மாத்திரையை. இரண்டுமே உண்மைதானே என்று நான் திருத்தப் போகவில்லை. அப்படிக் கேட்ட நாட்களில் அவள் டார்ச்சைக் கொஞ்சம் மெதுவாக அடிப்பாள்.

பிறகு வந்தது வினை. எனக்குக் குணமாக ஆரம்பித்தது.

முதலில் புல்லரிப்பு நின்றது. அப்புறம் கண் காய்ந்தது. கடைசியில் கொட்டாவியும் குறைந்து குறைந்து, ஒரு வாரம் ஒன்றுகூட வரவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் தூண் மாதிரி நின்றேன். வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாக விழித்துக்கொண்டே வெளியே போனார்கள்.

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். “ஏம்பா, ஏன் நின்னுடுச்சு?”

“குணமாகுதுங்க முதலாளி.”

“யாரைக் கேட்டுக் குணமாகுது?”

அவர் நாற்காலியில் ஆடிக்கொண்டே யோசித்தார்.

“இது முதல்ல எப்படி வந்துச்சு?”

“மாத்திரையை நிறுத்தினதால வந்துச்சு.”

“அவ்வளவுதானே? அப்ப ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு, மறுபடியும் நிறுத்திடேன்.”

மனிதர் கெட்டவர் இல்லை. நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கச் சொல்வது போலத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். ஆனால் உடம்பு சிரிக்கவில்லை. ‘முதலாளியே சொல்லிட்டாரு’ என்றது. ‘வேலைக்காகத்தானே’ என்றது. நாக்கில் எச்சில் ஊறியது. எந்தச் சந்தில், எந்தக் கதவைத் தட்டினால் கிடைக்கும் என்பதைக் கால்கள் மறக்கவே இல்லை என்று தெரிந்தது. எனக்கு அப்படி ஒரு பயம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். “ஆசை வந்தா அடிச்சு விரட்டாதீங்க. அழையா விருந்தாளி மாதிரி ஒரு ஓரமா உட்கார வைங்க. டீ மட்டும் குடுத்துடாதீங்க. தானா எழுந்து போயிடும்.” எனவே விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கும் சரக்கு அறைக்குப் போனேன். வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்த மெத்தைகள் அங்கே அடுக்கியிருக்கும். பிளாஸ்டிக் உறை சரசரக்க ஒன்றில் படுத்தேன். நீ போ, அப்புறம் நான் எழுந்திருக்கிறேன் என்று அதனிடம் சொல்லிவிட்டுக் கால்கள் உதைக்கக் காத்திருந்தேன். உதைக்கவில்லை.

தூங்கிப்போனேன். மாதக்கணக்கில் வராத தூக்கம், அன்றைக்குப் பார்த்து ஆளை அடித்துப் போட்டது.

அடுத்து நடந்ததை பில் போடும் பெண் அப்புறம் வரி பிசகாமல் சொன்னாள். வழக்கம் போல அக்கா போன் செய்தாள். வழக்கம் போல விசாரித்தாள். முதலாளி பெருமூச்சு விட்டார்.

“என்னத்தைம்மா சொல்றது. ஒரு வாரமா விடவே மாட்டேங்கிறான்.”

“என்னண்ணே சொல்றீங்க?”

“நல்லாத்தான் விட்டுட்டிருந்தான், யார் கண் பட்டுச்சோ. நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்துட்டேன்.”

“இப்ப எங்க அவன்?”

“பின்னாடி மெத்தையில விழுந்து கிடக்கான். எழுப்பினா எழுந்திரிக்கவும் மாட்டேங்கிறான்.”

அக்கா போனை வைத்தாள். கண்ணாடிக் கடை நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்துக் கண் பார்த்துக்கொண்டிருந்தாளாம். “கடைசி வரியைப் படிச்சுக்கிட்டே இருங்க,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடி கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு மெத்தைக் கடைக்கு வந்துவிட்டாள்.

நான் விழித்தது வெளிச்சத்தில். யாரோ இமையைப் பிடித்து மேலே இழுத்து டார்ச் அடிக்கிறார்கள். அடித்தாள், எடுத்தாள், மறுபடி அடித்தாள். வலது கண், இடது கண், மறுபடி வலது.

“சுருங்குது,” என்றாள். “எடுத்தா விரியுது. டேய், ஒழுங்கா இருக்கேடா?”

“தூங்கிட்டேன்கா.”

“தூக்கமா? நீயா?” அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். முதலாளி அங்கே நின்றுகொண்டிருந்தார். “ஏண்ணே, இவன் விடலைன்னு சொன்னீங்களே!”

“விடலையேம்மா! ஒண்ணுகூட விடலை!”

“எதை?”

“கொட்டாவியை!”

“கொட்டாவியா?” என்றாள் அக்கா. அந்தக் கடையில் இருந்த கனத்த தலையணையை எடுத்து அவர் மேல் எறிய அவளுக்கு உரிமை இருந்தது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அவள் எறிந்ததை அவரும் மார்போடு பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தது. பழைய தாடை கழற்றும் ரகம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவனுக்கு வரும் சாதாரணக் கொட்டாவி.

“விட்டான்! விட்டான்!” என்று முதலாளி குதித்தார். குதித்தபடியே அவரும் விட்டார். பில் போடும் பெண் விட்டாள். அக்கா பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அவள் விட்ட கொட்டாவி மாதிரி நான் என் கெட்ட காலத்திலும் விட்டதில்லை. அது ஓயவே இல்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

“ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்,” என்று மெத்தையில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள்.

“நீ தூங்கறதில்லையாக்கா?”

“எங்கடா தூங்கறது?” கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். “ராத்திரியெல்லாம் உன் கதவுகிட்ட நின்னு, மூச்சு விடுறியா, விடுறியான்னு கேட்டுக்கிட்டிருந்தா...” மீதியைச் சொல்லாமலே தூங்கிவிட்டாள்.

ராத்திரிகளில் கதவுக்கு வெளியே கேட்ட சத்தத்தை நான் எலி என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அழுகை வந்தது. இந்த முறை காரணத்தோடு. அவளுக்குப் போர்த்த ஏதாவது இருக்குமா என்று, கறுப்புப் பையில் அவள் முதல் நாள் போட்ட முடிச்சை அவிழ்த்தேன். என் சட்டைகள் இருந்தன. கால் வலித் தைலம் இருந்தது. ஒரு போர்வை இருந்தது. அதை உதறியபோது கைக்குட்டையில் முடிந்த ஏதோ ஒன்று தரையில் விழுந்து கணீரென்றது. அவிழ்த்துப் பார்த்தேன். வீட்டு வாசல் கதவுச் சாவி. முதல் நாள் பையைக் கட்டியபோதே அதையும் உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறாள்.

போர்வையைப் போர்த்திவிட்டு, சாவியைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவள் மூச்சைக் கேட்டபடி உட்கார்ந்தேன். முதலாளி தலையணையோடு கதவைக் கொஞ்சம் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் பார்வை அந்தப் பை மேல் இருந்தது. மனிதருக்கு நிஜமாகவே கவலை.

“என்ன தம்பி,” என்று கிசுகிசுத்தார். “அக்கா உன்னை விட்டுட்டாங்களா?”

“விடலைங்க,” என்றேன்.