ரஷ்யப் பாட்டில் விழுந்த பள்ளம்

மேடையில் இருந்த அத்தனை பேரும் வேலை செய்தார்கள். சின்னதுரையின் மகள் திலகவதி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. வயலின்காரர்கள் கை ஓயாமல் இழுக்கிறார்கள். ஊதுகிறவர்கள் கண் பிதுங்க ஊதுகிறார்கள். இவளோ பின்வரிசையில், பெரிய மேளத்துக்குப் பக்கத்தில், மடியில் இரண்டு பித்தளைத் தட்டுகளை வைத்துக்கொண்டு, பந்தியில் சோறு வராமல் காத்திருக்கிறவளைப்போல இருந்தாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுமாகச் சேர்ந்து நடத்துகிற வாத்தியக் கோஷ்டி அது. அந்தக் காலத்தில் ரஷ்யாக்காரர்கள் இங்கே வந்து பவர் ஹவுஸ் வேலை பார்த்தார்களாம், அந்த ஞாபகத்துக்கு ரஷ்யச் சங்கீதமாம். மிஷின் கொண்டுவந்தான், சரி. அதற்காக அவன் பாட்டையும் நாம் ஏன் சுமக்க வேண்டும்? சின்னதுரைக்கு விளங்கவில்லை.

திலகவதி டவுன்ஷிப் தோட்டப் பிரிவில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூட பேண்டில் தட்டு அடித்த பழக்கம் இருந்ததால் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் வந்தாள். முதல் கச்சேரி இன்றைக்குத்தான்.

"எனக்கு வேலை கடைசியிலதாம்பா. ரெண்டே எடம். ஆனா அது ரெண்டும் இல்லன்னா பாட்டே இல்லன்னு கோஷ்டி நடத்துற சார் சொல்றாரு" என்று புறப்படும்போது சொல்லியிருந்தாள்.

அதைத்தான் அவர் நம்பவில்லை. அவரையும் ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் இப்படித்தான் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். "உக்காருங்க, கூப்புடறோம்." வேட்டி நைந்ததுதான் மிச்சம், கூப்பிடவில்லை. உட்காரவைக்கிறவன் கூப்பிடமாட்டான் என்பது அவருடைய தீர்மானம்.

"எல்லாரும் ஆபீசர் வூட்டுப் புள்ளைங்க. நம்ம பொண்ண எடத்த அடைக்க உக்கார வெச்சிக்கினு இருக்கானுங்க" என்றார் மனைவி ஜானகியம்மாளின் காதில்.

"வாய மூடிக்கினு கேளேன்யா. அதான் கடைசியிலன்னு சொல்லுச்சில்ல?"

"எது கடைசி? இவனுங்க பாட்டுக்குக் கடைசியே கெடையாது போலருக்குதே!"

முன்வரிசை அம்மாள் ஒருத்தி திரும்பி முறைத்தாள். சின்னதுரையும் முறைத்தார்.

பாட்டு நின்றது. கை தட்டலாமென்று எடுத்தால் யாரும் தட்டவில்லை, மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது வேகம். நிலக்கரி வெட்டுகிற மிஷின் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு உறுமல். அவருக்குக் கால் துடித்தது. நாற்காலியின் முன்நுனிக்கு வந்தார், பின்னால் சாய்ந்தார், துண்டை உதறினார். திலகவதியின் உதடுகள் அசைவது தெரிந்தது. மேலே, கீழே. நிற்காமல். அழுகையை விழுங்குகிறாள் என்று அவருக்குப் பட்டது. அதற்குமேல் தாங்கவில்லை.

"எங்க போற?"

"ஒண்ணுக்கு."

பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று படி, பிறகு திரை. குனிந்தபடி பெரிய மேளத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

"எந்திரி. வூட்டுக்குப் போவலாம்."

அவள் திரும்பவில்லை. உதடுகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன.

"உன்னதாண்டி. ரோஷம் வாணாம்?" அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

மேளம் அடிக்கிற விஜயராஜ், மைன்சில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டைப் பார்க்கிறவன், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "பெரியவரே, கைய வுடுங்க. அது எண்ணிக்கினு இருக்கு."

"என்னாத்த எண்ணுது?"

அவர் கேட்டு முடிக்கவில்லை. கோஷ்டியை நடத்துகிற கோபாலகிருஷ்ணன் இந்தப் பக்கம் திரும்பினார். அத்தனை வாத்தியமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூரையை முட்டப் போனது. கோபாலகிருஷ்ணன் கண்ணை அகலமாக விரித்துத் திலகவதியைப் பார்த்து, குச்சியை ஓங்கி இறக்கினார்.

ஒன்றும் விழவில்லை.

இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது சின்னதுரைக்கு. இத்தனை பேர் தூக்கிக்கொண்டு வந்த பாட்டு நடுவில் பள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளத்தின் அகலத்தைப் பார்த்த பிறகுதான், மகள் எவ்வளவு பெரிய வேலைக்கு உட்கார்ந்திருந்தாள் என்பது அவருக்குத் தெரிந்தது.

கை தானாக விட்டது.

"வுட்டுட்டேம்பா" என்றாள் திலகவதி. அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "இன்னும் ஒரு எடம் இருக்கு. தாள எண்ணிக்கை போச்சு. நீ நவுராத, பேசாத."

மேளத்தின் மறைவில் குத்துக்காலிட்டார். முழங்கால் கடுத்தது, தொண்டை கமறியது, இருமலை விழுங்கினார். விஜயராஜ் அடிக்கு நடுவே இடதுகையில் விரல்களைக் காட்டினான். அவள் தலையாட்டினாள், மறுபடி உதட்டை அசைத்தாள், நின்றாள், தடுமாறி மேளத்தைக் கவனித்தாள், அவன் இன்னொரு விரலை மடக்கினான். சின்னதுரையும் அந்த விரலையே பார்த்தார். எதற்கு எந்த விரல் என்று ஒரு எழவும் தெரியவில்லை.

திலகவதி எழுந்தாள். காலை அகட்டி ஊன்றினாள். கோபாலகிருஷ்ணன் இந்தமுறை அவளை நம்பாதவர்போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டே குச்சியை இறக்கினார்.

இடி விழுந்தது.

சின்னதுரை இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். பித்தளை அதிர்ந்தது, மேடைப் பலகை அதிர்ந்தது, பலகைக்குமேல் இருந்த அவருடைய குண்டி எலும்பும் அதிர்ந்தது. அவள் தட்டுகளை உயரத் தூக்கிப் பிடித்தபடி, சத்தம் தேய்ந்து போகிறவரை நின்றாள்.

கைதட்டலெல்லாம் அடங்கிக் கூட்டம் கலையும்போது அவர் கோபாலகிருஷ்ணன் முன்னால் போய் நின்றார். எந்த சார் முன்னாலும் துண்டை எடுக்காதவர் எடுத்தார்.

"தப்பு என்னுதுங்க. பொண்ண எடுத்துடாதிங்க."

கோபாலகிருஷ்ணனுக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது. "ஞாயித்துக்கிழமை வழக்கம்போல வரச் சொல்லுங்க. அடுத்த கச்சேரிக்கு நீங்க வராதீங்க."

"வரட்டும் சார்" என்றாள் திலகவதி, தட்டைத் துணியால் துடைத்தபடி, அப்பன் முகத்தைப் பார்க்காமலே. "ஓரத்துல சீட்டு குடுக்காதிங்க. நட்ட நடு வரிசையில போடுங்க. எந்திரிச்சி வந்தா நாலு பேராவது கால மிதிச்சாரேன்னு கத்துவாங்க, எனக்கும் கேக்கும்."

விஜயராஜ் சிரித்துவிட்டான். சின்னதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னாலிருந்து வந்த ஜானகியம்மாள் அவர் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.