வெள்ளிக்கிழமைப் பானை

வேலுத்தாய் அரிசி திருடுகிறாள் என்று அழகுத்தாய் முடிவு செய்து பல நாளாகிவிட்டது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர்களுக்குக் கட்டிய ஒரே லைனில் ஒட்டிக்கொண்டிருந்தன அவர்கள் வீடுகள். கொழுந்து பறிக்கும் பெண்கள் எடை போடும் கொட்டகையில் வரிசையில் நின்றுவிட்டு வீடு திரும்ப இருட்டிவிடும். அதற்குமேல் ஈர விறகை ஊதி உலை வைக்க வேண்டும். அதனால் அழகுத்தாயும் ராமுத்தாயும் வேலுத்தாயும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் கூலிக்கு அரிசி அளந்து போட்டதும் மூவரும் உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் பேசிவிடுவார்கள். என்றைக்குப் பருப்பு, என்றைக்குக் கருவாடு, என்றைக்கு வெறும் ரசம். திங்களும் செவ்வாயும் அழகுத்தாய் வீட்டில் உலை. புதனும் வியாழனும் ராமுத்தாய் வீட்டில். வெள்ளியும் சனியும் வேலுத்தாய் வீட்டில். அரிசியை மூன்று வீடும் சமமாகக் கொடுக்கும். சமைக்கிறவள் முன்னதாகவே மலையிறங்கிவிடலாம். அவள் கூடையை மற்ற இருவரும் சுமந்துபோய் அவள் பேரில் எடை போட்டுவிடுவார்கள்.

வெள்ளி வந்தால் கோளாறு. அதே அளவு அரிசி, அதே பானை. ஆண்கள் சாப்பிட்டு எழுந்தபிறகு பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்தால், தட்டில் தண்ணீரும் அதில் மிதக்கும் பருக்கைகளும்தான். சனியும் அப்படியே.

"பிள்ளை பெத்த ஒடம்பு. முன்னாலயே தின்னுருதா போல," என்றாள் ராமுத்தாய்.

"தின்னா ஒடம்புல தெரியாதா? எலும்பும் தோலுமால்லா இருக்கா. அவ தம்பி மறையூர்லருந்து வந்தாம்லா, வெல்லம் கொண்டுக்கிட்டு. போகும்போது தோள்ல மூட்டை கிடந்துச்சு."

"மூட்டைக்குள்ள என்னக்கா?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

அழகுத்தாய் நேரே வேலுத்தாயிடமே போனாள். "அடுத்த வெள்ளியும் இப்படின்னா நீ தனியாப் பொங்கிக்கிடு."

தனியாகப் பொங்குவது என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும். வேலுத்தாயின் கூடையைச் சுமக்க ஆளிருக்காது. கைக்குழந்தை பாலுக்கு அழும்போது ஆறு நாளும் அவள் கொட்டகையில் நிற்க வேண்டும். நிற்காமல் இரண்டு முறை ஓடிவந்துவிட்டாள். மூன்றாம் முறை வேலையிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி சொல்லியாயிற்று.

"நான் எடுக்கல மைனி."

"அப்ப யாரு எடுத்தா?"

வேலுத்தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குற்றத்துக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டாள் அழகுத்தாய்.

அந்த வெள்ளிக்கிழமை கால் பிசகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டு, தானும் வேலுத்தாயோடு கூடவே இறங்கினாள். இருவர் கூடையும் ராமுத்தாய் தலையில் விழுந்தது. அழகுத்தாய் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். அரிசி களைந்ததைப் பார்த்தாள். கஞ்சி வடித்ததைப் பார்த்தாள். விறகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள். பானை கழுத்துவரை நிறைந்திருந்தது.

ஆண்கள் வந்தார்கள். வேலுத்தாயின் புருஷன் சுடலை, ராமுத்தாயின் புருஷன் ராக்கப்பன், அழகுத்தாயின் புருஷன் பெரியமுத்து.

"மச்சானுக்குப் போடுட்டி," என்றான் சுடலை.

"போதும் மாப்ள," என்றான் பெரியமுத்து. கை தட்டை மறைக்கவில்லை.

"எங்க வீட்டுக்கு வந்துட்டு அரை வயித்தோட எந்திரிப்பேளா? ராக்கப்பண்ணே, நீரும் நல்லா சாப்பிடும். ஏட்டி, பாத்துக்கிட்டே நிக்கியே, அள்ளிப் போடு."

அகப்பை பானையின் அடியைத் தட்டியது.

"பிள்ளைகளுக்கு..." என்று மெல்ல இழுத்தாள் வேலுத்தாய்.

"விருந்தாளி முன்னால என்ன பேச்சு?"

விருந்தாளியாம். அவர்கள் தட்டில் கிடந்தது அவரவர் பெண்டாட்டி மழையில் நின்று பறித்து வாங்கிய அரிசி. பெரியமுத்து தன் வீட்டில் இரண்டு அகப்பையோடு எழுந்துவிடுகிறவன். அங்கே குறைந்தால் அவன் வீட்டுப் பானை. இங்கே நாலாவது அகப்பையைப் பிசைந்துகொண்டிருந்தான். குறைந்தால் வேலுத்தாய் திருடி.

மறுநாள் விடியலில் தண்ணீர்க் குழாயடியில் ராமுத்தாயைப் பிடித்துக் கண்டதைச் சொன்னாள் அழகுத்தாய்.

ராமுத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கால் அதுக்குள்ள சரியாயிட்டோ? நேத்துவரைக்கும் அவ கள்ளி. இன்னைக்கு ஆம்பளையள் திங்கறது தப்பாக்கும். உங்களுக்கு எம்புட்டு வெல்லம் குடுத்தா?"

"ஏட்டி, என் கண்ணால பாத்தேன்."

"பாத்தா? ஆம்பளகிட்டப் போயி உன் சோத்தக் கொறைன்னு கேக்க முடியுமா? அவள நிறுத்திருவோம். அதுதான் லேசு."

உண்மையிலேயே அதுதான் லேசு. எல்லா லைனிலும் நடப்பதும் அதுதான்.

"நிறுத்து. நானும் அவகூட நின்னுக்கிடுதேன்," என்றாள் அழகுத்தாய்.

ராமுத்தாய் நேரே வேலுத்தாய் வீட்டுக்குப் போய்த் தன் பங்கு அரிசியை எடுத்துக்கொண்டுவிட்டாள். அன்று சாயங்காலம் வேலுத்தாயின் கூடையை அழகுத்தாய் ஒருத்தியாகவே சுமந்து எடை போட்டாள். கழுத்து வலியோடு வேலுத்தாய் வீட்டுக்கு வந்தவள், சோறு வெந்திருந்ததைப் பார்த்ததும் தட்டுகளை எடுத்து வைத்தாள். பிள்ளைகளுக்கு, வேலுத்தாய்க்கு, தனக்கு.

"அவுக வந்தா கொன்னுருவாக மைனி."

"ஒன் பேர வெட்டுனா மட்டும் கொஞ்சுவாகளோ? உக்காரு."

பாதிச் சாப்பாட்டில் வாசல் இருண்டது. சுடலையும் அவனுக்குப் பின்னால் பெரியமுத்துவும்.

"என்னட்டி இது?" என்றான் சுடலை.

வேலுத்தாய் உருட்டிய கவளத்தை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். அதன்பிறகுதான் பேசினாள்.

"மீதி பானையில இருக்கு. ரெண்டு பேருக்குச் சரியா வரும்."

பெரியமுத்து குனிந்து பானைக்குள் பார்த்தான். பிறகு அழகுத்தாயின் தட்டைப் பார்த்தான், எவ்வளவு போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று.