பேனாட்டுக்கு வந்த காய்ச்சல்

அந்தக் குளிர்காலத்தில் பேனாட்டுக்கு இரண்டாம் முறையும் நிமோனியா வந்தபோது அவர் மனைவி அன்ரனெற்றுக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. முதுகு நோகுது என்று அவர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாக்டரியில் பெட்டி தூக்குகிற ஆளுக்கு நோகத்தானே செய்யும் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அவளும்தான்.

ஆஸ்பத்திரி டொக்டர் விடவில்லை. இரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே என்று பார்த்து, கடைசியில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி எலும்பு மஜ்ஜை எடுத்தார். மல்டிப்பிள் மைலோமா என்றார். கிருமியை எதிர்க்க வேண்டிய இரத்தக் கலங்களே கெட்டுப் பெருகி, எலும்பை அரிக்கிற புற்றுநோய். மருந்து தொடங்கினால் எதிர்ப்புச் சக்தி இன்னும் குறையும். காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே வரவேண்டும்.

அதற்குப் பிறகு அவள் ஓரிடத்தில் இருக்கவில்லை. கதவுப் பிடியைத் துடைத்தாள். அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னைக் கொஞ்சம் சும்மா இருக்கவிடும்," என்று அவர் சினந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வேரோனிக்கா, பார்க்டேலில் இருந்து தன் பேத்தியோடும் சூப்போடும் வந்து கதவைத் தட்டினாள். பிள்ளையின் கழுத்தில் அம்மை போட்டதுபோல நீர்கோத்த கொப்புளங்கள். அன்ரனெற் வாசலை மறித்து நின்றாள்.

"மச்சாள், குறை நினைக்காதேங்கோ. இது கொப்புளிப்பான். உள்ளுக்கு விடமாட்டன்."

"என்ரை தம்பியைப் பாக்க உன்னட்டைக் கேக்கோணுமோ?"

"பிள்ளைக்கு இது மாறீடும். அவருக்குத் தொத்தினா உயிருக்கே ஆபத்து."

வேரோனிக்கா சூப்பை வாசலில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். பேனாட் அன்று முழுக்க மனைவியோடு பேசவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அவருக்குக் குளிர் நடுக்கம் எடுத்தது. உடம்பு கொதித்தது. இரண்டு பனடோல் போட்டால் விட்டுவிடும் என்றார். அவள் ராக்சிக்கு போன் அடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இரத்தத்தில் கிருமி கலந்திருந்தது. இரவுவரை பொறுத்திருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று சொன்ன டொக்டர், நரம்பு வழியாக மருந்து ஏற்றினார். அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது என்று டொக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் வராந்தாவில் மேலும் கீழும் நடந்தாள். இத்தனை மறித்தும் வந்துவிட்டதே என்ற நினைப்பு அவளை அரித்தது. காய்ச்சல் இறங்கத் தொடங்கியதும் வேரோனிக்காவுக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள்.



"நான் மட்டும் வரலாமோ?" என்றாள் வேரோனிக்கா.

"உங்களுக்குச் சின்னனிலை கொப்புளிப்பான் வந்ததோ, மச்சாள்?"

"ஓம். வந்தது."

தாதியிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வந்து அன்ரனெற் சொன்னாள்: "அப்ப வாங்கோ. ஒருக்கா வந்தவைக்குத் திரும்பத் தொத்தாதாம். அவர் உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்."