ஓட்டத்தின் நடுவே ஒரு சல்யூட்

ரிலே ஓட்டத்தின் நடுவில் நின்று சல்யூட் அடித்த மனிதர் இந்த உலகத்திலேயே ரிட்டயர்டு ஏட்டு தங்கச்சாமி ஒருவராகத்தான் இருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம். அறுபதைத் தாண்டியவர்களுக்கான மாவட்டப் போட்டி. மூன்றாவது ஆளாகக் குச்சியோடு பாய்ந்து வந்தவர் கண்ணில், சிறப்பு விருந்தினர் மேடையேறுவது பட்டுவிட்டது. அவருடைய பழைய இன்ஸ்பெக்டர். அந்த மனுஷரே ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. ஆனால் அதைத் தங்கச்சாமியின் கால்களுக்கு யார் சொல்வது? குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன. கை நெற்றிக்குப் போயிற்று. கையில் குச்சி இருந்ததால் நெற்றியும் புடைத்தது.

முன்னால், கடைசி ஆளான விஜயபாண்டி கையைப் பின்னுக்கு நீட்டியபடி ஓடத் தொடங்கியிருந்தார். குச்சி வரக்காணோமே என்று திரும்பினார். கால் பின்னி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது.

இருவரும் ஒன்றாகப் போலீஸில் சேர்ந்தவர்கள். மாநிலப் போட்டியில் தங்கள் ஊரான ராஜபாளையத்தின் பெயர் போட்ட பனியனோடு ஓட வேண்டும் என்பது பென்ஷன் வாங்கிய பிறகு பிடித்த கிறுக்கு. "பேரன் பேத்தி எடுத்த பொறவு டவுசர் கேக்குதாக்கும்!" என்று தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று தினமும் விடியலில் ஓடினார்கள்.

இப்போது தங்கச்சாமிக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். விஜயபாண்டி மறுபடி ஓடுவாரா?

டாக்டரைக் கேட்டார். "பாப்போம் ஐயா." உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண்ணைக் கேட்டார். "மனசு வச்சா எல்லாம் முடியும் சார்." காலமெல்லாம் திருடர்களை விசாரித்தவருக்கு மழுப்பல் தெரியாமலா போகும்? தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் அடுத்த ஆளையும் கேட்டார்.

விஜயபாண்டியோ கட்டிலில் கிடந்தபடி, "ஏன் மச்சான் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீரு? அடுத்த வருசம் ஓடுதோம். ஆனா ஒண்ணு, உம்ம கண்ணக் கட்டித்தான் ஓட விடுவேன்" என்றார்.

தங்கச்சாமி சிரித்துவைத்தார். வாசலுக்கு வந்து, செருப்பைத் தேடும் சாக்கில் அழுதார்.

அதன் பிறகு தனியாக ஓடினார். ஓடி முடித்த வேர்வையோடு நேரே விஜயபாண்டி வீட்டுக்குப் போவார். "தெக்கு வளைவுல மூச்சு வாங்குச்சா?" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தங்கச்சாமி சொல்வார். வாங்காத மூச்சையும் சேர்த்துச் சொல்வார்.

ஒருநாள் போனபோது விஜயபாண்டி தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நாகஜோதி வெந்நீர்ச் சட்டியோடு வந்தாள்.

"அடுத்த போட்டிக்குப் பேரு குடுக்கணும் தாயி. மாப்ள பேரையும் சேத்தே குடுத்துரவா?"

அவள் சட்டியை இறக்கி வைத்தாள்.

"அண்ணே, அவிய இனி ஓட மாட்டாவ. ஆள் பிடிக்காம நடக்கவே மாட்டாவ. டாக்டரு ஆசுபத்திரியிலயே சொல்லிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு எல்லாரு வாயையும் அடச்சது அவியதான்."

"எதுக்குத் தாயி?"

"தெரிஞ்சா நீங்க ஓடுறத விட்டுருவீயளாம். நீங்க வந்து சொல்லுததுலதான் அவியளுக்குப் பொழுதே விடியுது. உங்க பேர மட்டும் குடுங்கண்ணே."